மருதாசலம் எதிர்த்த தீர்மானம்

இந்தத் தடவை கிராம சபையில் கர்ஜிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் அதற்கு வசதி இல்லை.

என் பெயர் மருதாசலம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. பக்கத்துத் தோப்பு திருமலைசாமியுடையது. அவன் கிழக்கு என்றால் நான் மேற்கு. அவன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறானாம்: எங்கள் ஊர் அரசுப் பள்ளியில், மாணவிகள் கழிப்பறையில் ஒரு நாப்கின் பெட்டி. யாரையும் கேட்காமல் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தது.

"எதிர்த்துப் பேசப் போறேன்" என்றேன், மனைவி பங்காரம்மாவிடம்.

"எதையுங்க?"

"அதைத்தான்."

"அதைன்னா?"

"அந்த... பொம்பளப் புள்ளைக சமாச்சாரம்."

"ஏனுங்க வேண்டாம்?"

"இலவசம் குடுத்துக் குடுத்தே நாடு குட்டிச்சுவராப் போச்சு!"

"நம்ம தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் பில்லு எத்தனைங்க வருது?"

"அது இலவசமில்ல புள்ள. உரிமை!"

"சரிங்க. நல்லாப் பேசுங்க."

எனக்குப் பகீரென்றது. தாலி கட்டிய பிறகு அவள் என்னிடம் 'சரிங்க' சொன்னது அன்றைக்குத்தான்.

"ஒண்ணே ஒண்ணுங்க. பேரைச் சொல்லிப் பேசுங்க. பேரே சொல்லாம எதுத்தா ஆரு மதிப்பாங்க?"

நியாயம்தான். தோப்புக்குள் போய்ப் பழகினேன். 'நா' வந்தது. 'ப்கின்' வரவில்லை. தென்னை மரங்கள் முன்னால்கூட வெட்கமாக இருந்தது.

சபை கூடியது. எங்கள் மகள் ஹர்ஷிணியும் தோழிகளும் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே! பள்ளிக்கூடத்துல இலவசமாக் குடுக்கற அந்த... நா... வெள்ளையா இருக்குமே... அது வேண்டவே வேண்டாம்!"

"முட்டைங்களா?" என்றது ஒரு குரல்.

"முட்டை இல்லீங்க!"

"எங்க புள்ளைக திங்கற முட்டையில கை வெக்கறாரப்பா!"

"ஐயோ, பொட்டணத்துல வருமே, அதுங்க!"

"பாலையும் நிறுத்தச் சொல்றாரு!"

நாலைந்து பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். நான் மைக் கம்பிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்போது கூட்டத்தில் பங்காரம்மா எழுந்து நின்றாள்.

"செத்த பொறுங்க. எங்கூட்டுக்காரரு நடிச்சுக் காட்டறாருங்க."

எனக்கே அது செய்தி.

"இத்தனை பெரிய மனுசன், மீசை வெச்ச ஆளு, இவரு வாயிலயே நாப்கின்னு வர மாட்டேங்குது. பதிமூணு வயசுப் புள்ள வாத்தியாருகிட்டப் போயி எப்படிங்க கேக்கும்? போன பரீட்சையில ஒரு புள்ள பாதியில எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருச்சு. ஏன்னு ஆருகிட்டயும் சொல்லல. அதனால, கேக்காம எடுத்துக்கற பெட்டி வெச்சே ஆகோணும்னுதான் எங்கூட்டுக்காரரு இப்படித் திக்கித் திக்கிக் காட்டுனாரு. சரிதானுங்களே?"

வேப்ப மரத்தடியில் தோழி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஹர்ஷிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"சரி... சரிதானுங்க" என்றேன்.

கைதட்டலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. திருமலைசாமி ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்குச் சால்வை வேறு.

வீட்டுக்கு நடந்தோம். பஸ் ஸ்டாப்பில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். பனை உயர பிளெக்ஸ். அதில் கைகூப்பிச் சிரிக்கும் நான். மேலே கொட்டை எழுத்தில், 'தாய்க்குலம் போற்றும் நாப்கின் நாயகன் மருதாசலம்!'

"ஏம்புள்ள, இப்பத்தான தீர்மானம் போட்டாங்க. அதுக்குள்ள பிளெக்ஸ் எப்படி வந்துச்சு?"

பங்காரம்மா என் தோளில் சால்வையைச் சரிசெய்தாள்.

"கடைசி நேரத்துல போனா அடிச்சுக் குடுக்க மாட்டாங்களாமுங்க. அதான் போன வாரமே சொல்லிப்போட்டேன்."