பத்தொன்பதாவது சீட்டு

என்மேல் உள்ள கோபத்தை இன்னும் ஆறவிடாத அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. உன் மகளும் எடுப்பதில்லை. தாயும் மகளும் பேசிவைத்துக்கொண்டு என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் கடைசிவரை படி.

முதலில் என் குற்றம். ஹெட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கல்லூரியில் கூப்பிட்டு, முதல் வருடம் சேர்ந்தும் ஒரு பத்தி உருப்படியாக எழுதத் தெரியாத, சதவீதம் என்றால் திருதிருவென்று விழிக்கிற பத்தொன்பது பேரை ஒப்படைத்து, ஆறு வாரத்தில் இவர்களைத் தேற்றுங்கள், கடைசித் தேர்வில் தேறாதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று சொன்னார்கள். அந்தப் பத்தொன்பதில் பாப்பாவும் ஒருத்தி. ஹெட்மாஸ்டரின் அக்கா மகள் இப்படியா என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே மிடுக்கு காட்டினேன். இரண்டாவது வாரம், எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாக அவள் எழுதியதையே சத்தமாக வாசித்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அக்கா. அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே முறையை மாற்றிவிட்டேன். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை, கேள்வி கேட்டு எழுப்புவதில்லை. தலையை எண்ணுவேன், பத்தொன்பது இருந்தால் எல்லோருக்கும் வருகை. வகுப்பு முடிந்ததும் புரியாததை ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல் எழுதி, மேஜைமேல் இருக்கிற சாக்பீஸ் டப்பாவில் போட்டுவிட வேண்டும், மறுநாள் நான் பதில் சொல்வேன். பாப்பா அன்றே கடைசி வரிசையில் மூலை நாற்காலிக்குப் போய்விட்டாள். குனிந்த தலை நிமிர்வதில்லை, முடி முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். எனக்கும் அந்தப் பக்கம் நேராகப் பார்க்கத் தைரியம் கிடையாது. நான் வருவதற்கு முன்பே உட்கார்ந்திருப்பாள், கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் ஆள் இருக்க மாட்டாள். அவ்வளவு கோபம்!

ஆனால் சீட்டு மட்டும் தவறாமல் வரும். பதினெட்டுச் சீட்டில் ‘எல்லாம் புரிந்தது சார்’ என்ற பச்சைப் பொய் இருக்கும். பத்தொன்பதாவதில், முதல் நாள், பென்சிலில் ஒரே ஒரு வரி: ‘எனக்கு ஒன்றும் தெரியாது, முதலிலிருந்து சொல்லுங்கள்.’ எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்து பாப்பாவுடையது மாதிரி இல்லைதான், கோபத்தில் எழுத்து மாறும்தானே? அன்றிலிருந்து அந்தச் சீட்டுக்காகவே பாடம் நடத்தினேன். குறிப்பு எடுப்பது எப்படி, முக்கியமான வரியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவள் கேட்கக் கேட்க எனக்கே இருபது வயது குறைந்தது. சதவீதம் சொல்லிக்கொடுத்த அன்று வந்த சீட்டில், ‘நூறு பேரில் எண்பது பேர் தேறினால் மீதி இருபது பேர் எங்கே போகிறார்கள்?’ என்று இருந்தது. இருபது சதவீதம் என்று பதில் எழுத ஆரம்பித்தவன் அப்படியே பேனாவை மூடிவிட்டேன். நம்ம பாப்பாவுக்கு இந்த மாதிரியெல்லாம் கேக்கத் தெரியுமாக்கா?

போன வாரம் ‘இந்த அறை’ என்று தலைப்பு கொடுத்து ஒரு பத்தி எழுதச் சொன்னேன். அவள் எழுதியிருந்தாள்: ‘முன்பு பின்சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் பக்கத்தில்தான் உட்கார்வேன். பாடம் புரியாது. யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. பிறகு ஜன்னலை மூடிவிட்டார்கள்.’ கல்லூரிக்கு வந்து ஐந்து வாரம் ஆகாதவளுக்கு ‘முன்பு’ என்ன வேண்டிக்கிடக்கிறது! ஆனாலும் தொடக்கமும் முடிவும் கச்சிதம். பத்துக்கு எட்டு போட்டு, ‘கற்பனை நன்று’ என்று எழுதினேன். பெருமையடிக்க அட்டெண்டரிடம் காட்டினால் அவர் சிரிக்கவே இல்லை.

“ஜன்னல் இருந்துச்சு சார். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் செங்கல் வச்சு அடைச்சாங்க, முப்பது வருஷம் இருக்கும். அந்த மூலையை மட்டும் என்னைப் பெருக்கச் சொல்லாதீங்க. நாற்காலியை எத்தனை தடவை அடுக்கி வச்சாலும் காலையில அங்கயே வந்து நிக்குது.”

“நாலு கால் இருக்குல்லய்யா, நடந்து வந்திருக்கும்” என்றேன். என் ஜோக்குக்கு நான்தான் சிரித்தேன். வகுப்புக்குள் போனதும் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. அந்த மூலைக்கு மேலே இருக்கிற விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது, எலக்ட்ரீஷியன் ஏணி போட்டால் நன்றாக எரிகிறது. அந்த வரிசைப் பக்கம் நடந்தால் கால் சில்லென்று இருக்கிறது. எல்லாம் முழங்கால் வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா ஹாஸ்டலில் யாரிடமாவது ஜன்னல் கதையைக் கேட்டிருப்பாள், வேறென்ன?

ஆக, அக்கா, நல்ல சேதி இதுதான்: திங்கட்கிழமை தேர்வில் யார் கோட்டைவிட்டாலும் பாப்பா கோட்டைவிட மாட்டாள். நான் அவளைக் கெடுக்கவில்லை, தேற்றியிருக்கிறேன். இனியாவது போனை எடு. அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு ஆயிரம் ஆசிகள், எதிரில் நின்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் கடிதம் வந்தது. மேலே எழுதியதெல்லாம் தப்பு, அடித்துவிடு. நான் சிரித்த அன்று சாயங்காலமே பாப்பா பஸ் ஏறி உன்னிடம் வந்துவிட்டாள், மூன்று வாரமாகப் புத்தகத்தைத் தொடவில்லை, ‘மாமாவே சிரிச்சாரும்மா’ என்றுதான் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். தபாலை நம்பினால் தேர்வு முடிந்துவிடும், அதனால் இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். கதவைத் திறந்ததும் முதலில் இதைப் படி, அப்புறம் திட்டு. பாப்பாவிடம் மன்னிப்பு கேட்டு, அவளை என்னோடு கூட்டிக்கொண்டு வந்து, இருக்கிற நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்றைய சீட்டுகளை இப்போதுதான் எண்ணினேன். பத்தொன்பது. கடைசியில் இருந்ததில், ‘திங்கட்கிழமை அவள் வந்துவிட்டால் நான் எங்கே உட்காருவது?’ என்று இருக்கிறது. அட்டெண்டர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானே இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மூலை நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.