கன்ன எலும்பின் அகலமும் எலும்பறைச் சாவியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. கீழ்வீட்டில் நானும் உங்கள் அத்தையும் நலம். மேல்வீட்டில் நீங்களும் என் மகளும் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நீங்கள் கோபமாக நாற்காலியை இழுப்பது இங்கே நன்றாகவே கேட்கிறது. நேரில் பேசலாம் என்றால் என்னைக் கண்டதும் விறுவிறுவென்று படியேறிவிடுகிறீர்கள். அதனால்தான் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

விஷயம் ஒன்றுதான். அருங்காட்சியகத்தின் எலும்பறைச் சாவியை என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறீர்கள். அது எனக்குத் திரும்ப வேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை, "மாமா, அங்க வந்து மான் மண்டையோட்டையெல்லாம் தூசி தட்டிக் குடுங்க, பொழுது போகும்" என்று கூட்டிப்போனது நீங்கள்தான். தூசி தட்டத்தான் சொன்னீர்கள், அளக்கச் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேத் பட்டறையில் ஆயுசு முழுக்கக் காலிப்பர் பிடித்தவன் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு அளக்காதே என்றால் கை சும்மா இருக்குமா? உங்கள் மான்களோ கொம்பே முளைக்காத இனம். ஆணுக்கு நீண்ட கோரைப்பல் இருக்குமாம். அந்தப் பல் இருந்த முன்பகுதி நம் மண்டைகளில் எப்போதோ நொறுங்கிவிட்டது. எது ஆண், எது பெண் என்று அறிய, இழுப்பறைக்கு மேலே ஒட்டிய சீட்டைத் தவிர வேறு வழியில்லை என்றீர்கள். நான் வழி கண்டுபிடித்தேன். கன்ன எலும்பின் அகலத்தை மண்டையின் நீளத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண் இழுப்பறையில் இருந்ததெல்லாம் அகன்ற முகம், பெண் இழுப்பறையில் இருந்ததெல்லாம் ஒடுங்கிய முகம். ஒன்றுகூடத் தப்பவில்லை. புத்தகத்தில் இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்றீர்கள். புத்தகம் எழுதியவர் நம் அலமாரியைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தீர்கள்.

மானுக்குச் சரியாக வருகிற கணக்கு மற்றவர்களுக்கும் வருகிறதா என்று பார்ப்பதுதானே முறை? முதலில் என்னையே அளந்தேன். ஆண். அதுவும் சாதாரண ஆண் இல்லை, உங்கள் அலமாரியிலுள்ள எல்லா ஆண்களுக்கும் மேலே. அடுத்து உங்கள் அத்தை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டிவிட்டதால் மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று. இரண்டு தடவையும் ஆண். அவள் கோபித்துக்கொண்டாளா? "இந்த வீட்டை இத்தனை வருஷமா நடத்தினது யாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அது பெருந்தன்மை.

இனி உங்கள் பதவி உயர்வு விருந்துக்கு வருகிறேன். உங்கள் மேலதிகாரி அம்மாள்தான் என் கண்டுபிடிப்பைப் பற்றி விசாரித்தார். பெரிய மனுஷி கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையா? செய்து காட்ட ஒரு தலை வேண்டும். பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள், வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் மறுக்கவும் இல்லை. அளந்தேன், வகுத்தேன், பெண் என்று வந்தது. வந்ததைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்கிறார்கள். லேத் ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை, ரகசியமெல்லாம் அதுக்கு வராது. அதன்பின் எல்லோரும் தலையைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றதும், ஆண் என்று வந்த காசாளருக்குக் கைதட்டல் கிடைத்ததும், என் மகள் புரையேறும்வரை சிரித்ததும் நடந்தவைதான். இப்போது அலுவலகத்தில் உங்களை 'மானம்மா' என்று கூப்பிடுகிறார்களாம். பேர் வச்சது அந்தக் காசாளர். அவர்கிட்ட ஒரு சாவியையும் நீங்க பிடுங்கின மாதிரி தெரியலையே?

நேற்று மகள் இறங்கி வந்து, "அப்பா, தப்பா சொல்லிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சாவி கைக்கு வந்துடும்" என்றாள். முடியாது. காலிப்பர் சொன்னதற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது? அளவு அளவுதான், மாமனார் மாப்பிள்ளை என்று அதற்கு முகதாட்சண்யம் கிடையாது. பெண் என்று வந்தால் அதில் என்ன கேவலம்? இயற்கை கொடுத்ததைக் கௌரவமாக ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டபிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வருகிறது. சட்டையோடு உட்கார்ந்து மறுபடியும் மின்விசிறியைத்தான் பார்க்கிறேன். அதற்காக இறங்கி வருவேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

நீண்ட ஆயுளும் மேன்மேலும் பதவியும், அவற்றைத் தாங்கும் பொறுமையும் உங்களுக்கு வாய்க்க ஆசீர்வதிக்கிறேன். மகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அளந்ததைச் சொன்ன குற்றத்துக்காகத் துரத்தப்பட்ட
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், அருங்காட்சியகத்தைப் பெருக்குகிறவர் நான் விட்டுவந்த குடையைக் கொடுக்க வந்தார். நான் அங்கே வருவதற்கு முன்பே, அலமாரிக்கு வர்ணம் அடித்தபோது இழுப்பறைகளைக் கழற்றினாராம். "மேல இருந்ததைக் கீழயும் கீழ இருந்ததை மேலயும் மாட்டிட்டேன் போல. சீட்டு சட்டத்துலதானே ஒட்டியிருக்கு, யாரு பாத்தா" என்கிறார். ஆகவே என் கணக்கு முழுக்கச் சரி. விடையை மட்டும் திருப்பிப் படிக்க வேண்டும். நீங்கள் ஆண். என் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் அத்தை பெண். சொன்னதிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. என்னை அளந்த அன்று காலிப்பர் சரியில்லை. சாவியை இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், காலிப்பரையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். யாராவது என் தலையை மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்டால், காலிப்பர் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.