அத்தாஉல்லாவின் இரட்டைப் புரொசெசர்

யுத்தம் முடிந்த மறுவருசம் கற்பிட்டி ஜபாரின் வீட்டுக்குப் புதுக் கம்பியூட்டர் ஒன்று வந்தது. உள்ளே "டுவல் கோர்" இருக்கிறதென்று ஜபார் போகுமிடமெல்லாம் சொன்னான். அதென்னவென்று அவனுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அத்தாஉல்லாவுக்கு மட்டும் அன்று பகல் சோறு இறங்கவில்லை.

அத்தாஉல்லா இறால் பண்ணையில் இருபது வருசம் மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவர். இறாலை மேய்த்த கையால் இனிக் கம்பியூட்டரை மேய்ப்பது என்று முடிவு செய்திருந்தார். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆனால் அது அவருடையது அல்ல. மனைவி கைருன்னிஸா டீச்சருடையது. தொண்ணூறில் யுத்தத்தில் விரட்டப்பட்டு முசலியிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்கள் ஊர் திரும்பப் பதிவதற்கு அவள்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். அவளும் அப்படி வந்தவள்தான். அறுபத்திரண்டு குடும்பத்தின் பெயர், வயது, காணி விபரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. திங்கட்கிழமை பட்டியலை அரசாங்கக் கந்தோரில் கொடுக்க வேண்டும்.

பெட்டி மெதுவானது என்பது உண்மைதான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் அது எழும்பியிருக்காது. அத்தாஉல்லா இதையே பிடித்துக்கொண்டார். ஒரு கம்பியூட்டர் சஞ்சிகையை மூன்று தரம் படித்தார். ஜபாருடையது ஒரு புரொசெசருக்குள் இரண்டு கோர். அது ஒரே அறையைத் தட்டியால் இரண்டாக மறித்தது போல. தனக்கு வேண்டியது இரண்டு முழுப் புரொசெசர் குந்தும் மதர்போட் என்று மனைவியிடம் சொன்னார்.

வீட்டில் பாவிக்கிறவர்களுக்கு அது என்னத்துக்கு என்று அவள் கேட்டாள். ஒன்று களைத்தால் மற்றது வேலை செய்யும் என்றார். தான் இரண்டு விரலால் டைப் பண்ணுகிறவள் என்றும், ஒரு புரொசெசரே தன் விரலுக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது என்றும் அவள் சொன்னாள்.

"ரெண்டு மூளை இருந்தா நல்லந்தானே நிஸா."

"முதல்ல உள்ளதைப் பாவிச்சு முடிங்க. பொறகு பாப்பம்."

அது கம்பியூட்டரைப் பற்றிய பேச்சா தன்னைப் பற்றிய பேச்சா என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த நிமிசத்தில் ஒரு வைராக்கியம் வந்தது. அவளுக்குத் தெரியாமல் மாற்றுவது. வேகத்தைக் கண்டு அவள் வாயடைத்து நிற்கும்போது சொல்வது.

கொழும்பில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, ஏதோ கம்பனி கழித்துவிட்ட இரட்டைப் புரொசெசர் மதர்போட் ஒன்றை எடுப்பித்தார். பார்சல் வந்ததும் கோழிக்கூட்டுக்கு மேல் ஒளித்து வைத்தார். வியாழக்கிழமை கைருன்னிஸா அங்கிருக்கிற குடும்பங்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வண்ணாத்திவில்லுக்குப் போனாள். வெள்ளி பின்னேரம்தான் வருவாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: பெட்டியைத் தொட வேண்டாம்.

வெள்ளி விடிந்ததும் தொட்டார்.

பழைய மதர்போட்டைக் கழற்ற ஒரு மணித்தியாலம் போனது. ஸ்குரூ டிறைவர் வழுக்கி அதன் நடுவில் ஒரு நீளக் கீறலும் விழுந்தது. புதியதைத் தூக்கி வைத்தபோதுதான் தெரிந்தது, அது பெட்டியைவிட அகலம். நேராக வைத்தார், சரித்து வைத்தார். குப்புற வைத்தும் பார்த்தார். வயர் முனைகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. சரி, பழையதையே பூட்டி விடுவோம் என்று பூட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது.

இருபது வருசமாகக் காணி உறுதிப் பத்திரத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த கிழவர்கள் இந்த வீட்டு முற்றத்தில் வந்து நின்று பெயர் கொடுத்தவர்கள். அந்தப் பெயர்கள் இப்போது எங்கே? அவர் திரும்பவும் சுவிட்சைப் போட்டார். திரும்பவும் கறுப்பு.

அந்த நேரம் பார்த்துக் கைருன்னிஸாவின் போன் வந்தது. எல்லாரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள் என்றாள். பெட்டி சுகமா என்று கேட்டாள். "ஓம், சுகம்" என்றார். குரல் கோழிக்குஞ்சு போல வந்தது.

பெட்டியையும் புதிய மதர்போட்டையும் ஒரு உரச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பாலாவிச் சந்தியில் கம்பியூட்டர் திருத்துகிற யாகப்பு இருந்தான். சின்ன வயதில் கைருன்னிஸா டீச்சரிடம் படித்தவன். அத்தாஉல்லாவை அண்ணன் முறையில் நானா என்பான். சாக்கை அவிழ்த்ததும் அவன் மதர்போட்டைப் பார்த்தான். பிறகு அத்தாஉல்லாவைப் பார்த்தான்.

"நானா, இது பெரிய கம்பனிகள்ல ஆயிரம் பேருக்கு வேலை செய்யுறது. டீச்சர் அடிக்கிறது படிவம். ரெண்டு எஞ்சின் பூட்டினாலும் கட்டிப்போட்ட தோணி ஓடாது. உங்கட வின்டோஸ் வீட்டுக்கானது, அது ஒரு புரொசெசரைத்தான் கண்டுகொள்ளும். மற்றது சும்மா சூடாகிக்கொண்டு கிடக்கும்."

சூடானாலும் பரவாயில்லை, இரண்டும் வேண்டும் என்றார் அத்தாஉல்லா. அந்த நிலையிலும் ஜபாரின் முகம்தான் அவர் கண்ணில் நின்றது. யாகப்பு தலையைச் சொறிந்தான். உள்ளே போய் யாருடனோ போனில் கதைத்துவிட்டு வந்தான். முகம் தெளிந்திருந்தது. செய்யலாம், பெட்டியைக் கொஞ்சம் வெட்டி ஏற்ற வேண்டும், நாலு மணிக்கு வாங்க என்றான்.

நாலு மணிவரை அவர் சந்தியில் ஆறு பிளேன் டீ குடித்தார். லொறி போனாலும் திரும்பிப் பார்த்தார், பஸ் போனாலும் பார்த்தார். திரும்பிப் போனபோது பெட்டி மூடிக் கிடந்தது. யாகப்பு சுவிட்சைப் போட்டான். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வெளிச்சமானது. அறுபத்திரண்டு பெயரும் அப்படியே இருந்தன. அத்தாஉல்லாவுக்கு அழுகை வந்தது. மூடியை மட்டும் திறக்கப்படாது, ரெண்டும் புதுசாகப் பழகுது என்றான் யாகப்பு.

சாக்கோடு கற்பிட்டி பஸ்ஸில் காலை வைத்தார். புத்தளத்திலிருந்து வந்த பஸ். மூன்றாவது சீட்டில், யன்னலோரம், கைருன்னிஸா இருந்தாள். பக்கத்தில் இடமும் இருந்தது.

இறங்கப் பார்த்தார். கொண்டக்டர் முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளினான். மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்தார். சாக்குக்குள் என்ன என்று அவள் கேட்டாள்.

"வெங்காயம்."

கற்பிட்டியில் விளைந்த வெங்காயம் லொறி லொறியாக எதிரே போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சாக்கின் மூலையொன்று நாற்சதுரமாகத் துருத்திக்கொண்டு நின்றதையும் பார்த்தாள்.

"ரோட்டு மோசம். கெட்டியாப் புடிச்சிக்கோங்க. வெங்காயம் நசுங்கிப் போகும்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காமைதான் அவரைக் கொன்றது. ஒவ்வொரு குழிக்கும் சாக்குக்குள் டக்கென்று சத்தம் வந்தது. அவர் ஒவ்வொரு தரமும் இருமினார். நுரைச்சோலையில் கைருன்னிஸா எழும்பினாள். சிநேகிதி நபீலாவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன், நீங்க போய் வெங்காயத்தை வையுங்க என்று சொல்லி இறங்கினாள். அல்லாஹ் தன் பக்கம் நிற்கிறான் என்று அத்தாஉல்லா நினைத்தார். அவள் வீடு வரும்போது பெட்டி தன் இடத்தில் இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து அவள் பட்டியலை முடித்தாள். சனிக்கிழமை யாகப்பு மோட்டார் சைக்கிளில் ஒரு புதுப் பிரிண்டரைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க அத்தாஉல்லாவின் நாக்கு நீண்டது. கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாள். நாக்கை மடித்துக்கொண்டார். திங்கட்கிழமை அறுபத்திரண்டு படிவமும் அச்சாகிக் கந்தோருக்குப் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஜபாரை வீட்டுக்குக் கூப்பிட்டார். பிளேன் டீயைக் குடித்துக் கோப்பையைப் பிரிண்டருக்கு மேல் வைத்துவிட்டு, மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தி, தொண்டையைச் செருமினார். இந்த வீட்டில் எட்டு நாளாக இரண்டு புரொசெசர் ஓடுகிறது என்று அறிவித்தார். வேகத்தை நீங்களே கண்டீர்கள். வீட்டுக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கைருன்னிஸா வாயைத் திறக்கவில்லை. அவர் எதிர்பார்த்த மாதிரியே.

ஜபாரின் முகம் கறுத்தது. கண்ணால் காணாமல் நம்ப மாட்டேன் என்றான். யாகப்பு சொன்னதை மறந்து அத்தாஉல்லா ஸ்குரூ டிறைவரை எடுத்தார். நாலு ஸ்குரூவையும் கழற்றி, கலியாண வீட்டில் சகன் சோற்றுத் தட்டின் மூடியைத் திறப்பது போல மூடியைத் தூக்கினார்.

உள்ளே தூசு துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ரேம் துண்டு ஒன்று புதிதாகக் குந்தியிருந்தது. விசிறி ஒன்று. அதற்குக் கீழே புரொசெசர் ஒன்று. அதைத் தாங்கிய மதர்போட்டின் நடுவில் ஒரு நீளக் கீறல்.

ஜபார் குனிந்து இரண்டு தரம் எண்ணினான்.

"நானா, மற்றது எங்க?"

அத்தாஉல்லா மனைவியைப் பார்த்தார். கைருன்னிஸா வந்து வெறும் கோப்பையை எடுத்தாள்.

"ரெண்டையும் யாகப்புக்கிட்டக் குடுத்துத்தான் ஜபார், இந்தப் பிரிண்டரை மாத்தி எடுத்தன்."