போங்க என்று சொன்ன டாக்டரம்மா

ஒருவர்மீது இரக்கப்பட்டு நாம் சொல்லும் நல்ல வார்த்தையே அவருடைய நோய்க்குத் தீனியாகும் என்றால், அதைச் சொல்வது தர்மமா, சொல்லாமல் வாயை மூடிக்கொள்வது தர்மமா? சமூகப்பணியில் முதுகலை படித்த என்னிடம் எந்தப் பேராசிரியரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சங்கரன்கோவிலில் மருந்துக்கடை நடத்தும் ஓர் அண்ணாச்சிதான் கேட்கவைத்தார். அதுவும், போகிற பேருந்தைக் கரிவலம்வந்தநல்லூரில் மறித்து நிறுத்தி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கடையின் உரிமச் சான்றிதழில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் ‘போயிட்டு வாரேன்’ அண்ணாச்சி. விடைபெறும் கலையில் அவரை விஞ்சக்கூடியவர் தென்காசி மாவட்டத்தில் இதுவரை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும், பிரசவ அறையை விட்டு இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்.

நம் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்புவதில்லை. ‘போயிட்டு வாரேன்’ என்போம். போகிறவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்ற நல்லெண்ணம். சொன்ன மறுகணம் மறந்தும்விடுவோம். அண்ணாச்சியால் மறக்க முடியாது. அந்தச் சொல் பழுதில்லாமல் சொல்லப்படாவிட்டால் போகிறவருக்கு ஏதேனும் நேர்ந்துவிடும், அந்தப் பழி தன்னையே சேரும் என்று அவர் மனம் அடித்துச் சொல்லும். சொல்லும்போது தும்மினால் செல்லாது. நடுவில் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் செல்லாது. ‘வாரேன்’ என்பதை ‘வரேன்’ என்று மெட்ராஸ் பாணியில் சுருக்கினால் அறவே செல்லாது. எல்லாம் முதலிலிருந்து.

அவர் கடையின் மாடியில்தான் எங்கள் தொண்டு நிறுவன அலுவலகம். மாடிப்படி கடை வாசலில் வந்து முடியும். ஆகவே, மாலையில் வீடு திரும்ப விரும்பும் நான் எப்போதும் ஐந்து மணிக்கே விடைபெறத் தொடங்கிவிடுவேன்.

மருந்துக்கடைக்காரருக்கு இதில் தனிச் சங்கடம் வேறு. மருந்து வாங்கியவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்றால், மறுபடியும் சீக்கோடு வா என்று பொருளாகிவிடும். ‘போங்க’ என்பதோ அவர் அகராதியிலேயே இல்லை. நெடுநாள் யோசித்து ஒரு வாசகத்தை உருவாக்கியிருந்தார்: “சொகமாப் போயிட்டு, சீக்கு இல்லாம, சும்மா வாங்க!” பனவடலிசத்திரத்திலிருந்து இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் இதை மெய்யான அழைப்பென்று நம்பி, மறுவாரம் குடும்பத்தோடு சும்மா வந்து இறங்கினார். அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார்.

துக்க வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் வழக்கம். சொல்லாமல் கிளம்ப அண்ணாச்சிக்கு மனம் வராது. சொன்னால் வீட்டார் அடிக்க வருவார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனவர், கிளம்ப வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டார். கடைசியில் மதினி, அதாவது அவர் மனைவி, அழைத்துவரப் போனபோது, அண்ணாச்சி துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் என்றே அந்த வீட்டார் நினைத்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் ஊர் சிரித்தது; நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நின்றது கோமதி விஷயத்தில்.

கோமதி அவருடைய ஒரே மகள். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தீபாவளிக்கு வந்து திரும்பும்போது, பேருந்துப் படியில் ஏறியபடி, “போறேன்... ஐயையோ, போயிட்டு வாரேன்பா!” என்று சொல்லிவிட்டாள். நல்ல சொல்லுக்கு முன்னால் கெட்ட சொல் வந்துவிட்டது. பேருந்து புறப்பட்டது, அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிளும் பின்னால் புறப்பட்டது. கரிவலம்வந்தநல்லூரில் பேருந்துக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தினார்.

நடத்துநர் தலையை நீட்டினார். “என்ன அண்ணாச்சி, பிள்ள எதையாச்சும் மறந்துட்டாளா?”

“ஆமா. ஒரு சொல்ல மறந்துட்டா.”

கோமதி ஜன்னலோரம் அழுதுகொண்டே சொன்னாள். அழுகையில் ‘வாரேன்’ தேய்ந்துவிட்டதால் அது செல்லவில்லை. இன்னொருமுறை சொன்னபோது பின்னிருக்கைக் குழந்தை கத்தியது. பொறுமையிழந்த பயணிகள் எல்லோருமாகச் சேர்ந்து, திருவிழாவில் கோஷம் போடுவதுபோல, “போயிட்டு வாரோம் அண்ணாச்சீ!” என்று முழங்கிய பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார்.

அந்தப் பொங்கலுக்குக் கோமதி வரவில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது, “வீட்டுக்கு வாரது லேசு அக்கா. வந்தா அங்கனருந்து திரும்ப முடியலியே! இனிமே வரவே வேண்டாம்னு இருக்கேன்,” என்றாள்.

இதை அவரிடம் சொல்வதா, மறைப்பதா என்று நான் பலவாறு யோசித்தேன். சொன்னால் மனம் உடைவார். மறைத்தால் மகளை இழப்பார். சொன்னேன். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அவ திரும்பி வரணும்னுதான மக்கா இவ்வளவும் செஞ்சேன்! இது கோட்டித்தனம், கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியுது. விடத்தான் தெரியல. இதுக்கு எங்கன வைத்தியம் பாப்பாக?”

வைத்தியம் மதினியின் தலைமையில் கோயிலில் தொடங்கியது. புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு அம்மனிடம் ‘போயிட்டு வாரேன்’ என்றார் அண்ணாச்சி. அம்மன் பதில் சொல்லவில்லை. நடை சாத்தும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்து, திருநெல்வேலியில் ஓர் ஆலோசகர். மிகவும் மென்மையானவர். மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு பயத்துக்கும் “ஒண்ணும் ஆகாது சார்” என்று ஆறுதல் சொன்னார். அண்ணாச்சிக்கு அந்த ஆறுதல் வெகுவாகப் பிடித்துப்போயிற்று. ஊருக்கு வந்தபின் பல் துலக்குமுன் ஒருமுறை, துலக்கியபின் ஒருமுறை என்று அதைத் தொலைபேசியில் கேட்டு வாங்கத் தொடங்கினார். கொஞ்ச நாளில் ஆலோசகர் எண்ணை மாற்றிக்கொண்டார்.

அடுத்துப் போய்ப் பார்த்த மதுரை ஆலோசகர் வேறு வகை. குழந்தைப் பருவத்தைத் தோண்டினார். அண்ணாச்சி தம் தாத்தாவின் கமலைக் கிணறு, பாட்டியின் இரண்டாவது அண்ணன், எருமை தொலைந்தது எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். “உங்கள் பிரச்சினையின் வேர் தெரிந்துவிட்டது,” என்றார் அவர். வேர் தெரிந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கிளம்பும்போது, அந்த வேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வாசலிலேயே நின்றார்.

அன்பானவர், படித்தவர் என்பதெல்லாம் போதாது. ஒரு சடங்கை விட முடியாமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ‘ஓசிடி’ என்ற இந்த நோய்க்குரிய முறை தெரிந்தவரைத்தான் தேட வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதன்பின் யாரிடம் நேரம் கேட்டாலும், “ஓசிடிக்கு நீங்க என்ன செய்வீங்க?” என்று முதலிலேயே கேட்டேன். பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை மாடியில் அறை வைத்திருந்த ஓர் உளவியலாளர் மட்டும் பட்டென்று பதில் சொன்னார்.

“எதுக்குப் பயப்படுதாரோ அதுக்கு முன்னால பையப்பைய கொண்டுபோய் நிறுத்துவேன். பயத்தைத் தணிக்க அவர் செய்யுற சடங்கைச் செய்யாம இருக்கப் பழக்குவேன். நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பயந்தேன்.

டாக்டரம்மா என்றே நாங்கள் அழைத்த அவர், அண்ணாச்சி சொன்னதையெல்லாம் கேட்டார், சிரிக்கவில்லை. கடைசியில், “அண்ணாச்சி, உங்க சம்மதம் இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன். இன்னைக்கு நீங்க கிளம்பும்போது நான் ‘போங்க’ன்னு மட்டும் சொல்லட்டுமா?” என்றார்.

ஊசி போட்டுக்கொள்பவரைப்போல அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். “சொல்லுங்கம்மா.”

“போங்க.”

அண்ணாச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“வரச் சொல்லலியே?”

“இல்ல.”

“உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆனாலும் ஆகும். அடுத்த வாரம் நான் இருப்பேனா இல்லையான்னு எனக்கு மட்டும் தெரியுமா? போங்க.”

மதினிக்கு வந்த கோபத்தில் கீழே பாத்திரக்கடையில் குடங்கள் அதிர்ந்தன. “என்ன பொம்பள இவ! வீடு தேடி வந்த மனுசனப் போங்கன்னு வெரட்டுதா! ஏட்டி, நல்ல ஆளாப் பாத்து எங்களக் கூட்டிட்டு வந்த!”

அந்த வாரம் முழுவதும் அண்ணாச்சி, டாக்டரம்மாவைத் தாமே கொன்றுவிட்டவர்போலத் திரிந்தார். தொலைபேசியை எடுப்பார், வைப்பார். மனநல மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் சிகிச்சையோடு உண்டு. அதைத் தம் கடையிலேயே, தம்மிடமிருந்தே வாங்கிக்கொண்டார். அப்போது தமக்குத் தாமே ‘சும்மா வாங்க’ என்று சொல்லிக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. மறுவாரம் பாளையங்கோட்டையில் மாடிப்படியேறி டாக்டரம்மாவின் அறையை எட்டிப்பார்த்தார்.

“இருக்கீயளா?”

“இன்னைக்கு இருக்கேன். நாளைக்கு உத்தரவாதம் இல்ல.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நோயைப் பார்த்து அவரே சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பின்னர் தெருவுக்கும் பயிற்சி தேவைப்பட்டது. யாரும் அவருக்கு அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லக் கூடாது. அவர் கெஞ்சினாலும் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படும் நோய் உண்டு. தெருவுக்குக் கட்டுப்பாடு ஏது? எதிர்ப்புற டீக்கடை மாஸ்டர் இந்தப் பொறுப்பை அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

“அண்ணாச்சி, நான் போறேன்! ஒரேயடியாப் போறேன்! திரும்பி வரவே மாட்டேன், பாத்துக்கிடுங்க!” என்று கூவிவிட்டு, பால் வாங்கப் போவார்.

அண்ணாச்சி வெளிறிப்போவார். “எந்தப் பயத்த எப்ப சந்திக்கணும்னு அவரும் நானும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும், மாஸ்டர் முடிவு பண்ணக் கூடாது,” என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பிய பிறகே மாஸ்டர் அடங்கினார். எனக்கோ எதிர்ச் சிரமம். படியிறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு நுனிவரை அந்த நல்ல சொல் வந்துவிடும். அதை விழுங்கிக்கொண்டு நடப்பதைவிடக் கடினமான களப்பணியை நான் செய்ததில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோமதி வந்தாள். அப்பாவே அழைத்திருந்தார். அவள் திரும்பும் நாளில், பேருந்து நிலையத்துக்கு மதினியும் நானும் உடன் போனோம். கோமதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொல் என்பதுபோல அவர் தலையை அசைத்தார்.

“அப்பா, போறேன்.”

அண்ணாச்சியின் கைகள் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடின. அதை மதினி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பேருந்து பின்னால் வந்தது, திரும்பியது, வாசலைத் தாண்டியது.

“போ, மக்கா,” என்றார் அண்ணாச்சி. பேருந்து அதற்குள் போயிருந்தது.  பிறகு அவர் எங்களோடு நடந்து வந்து கடையைத் திறந்தார்.

அதன்பின் கோமதி மாதந்தோறும் ஊருக்கு வருகிறாள். அவள் பேருந்து ஏறும் நாளில் அண்ணாச்சிக்குக் கை இன்னும் நடுங்குகிறது. அன்று மாலை நான் அலுவலகத்தைச் சீக்கிரமே பூட்டிவிட்டு இறங்கி, கடையில் அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அந்த நடுக்கம் நிற்கும்வரை ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.