அப்பாவின் வலது கால்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. அப்பாவின் இடது பக்கத்து விலா எலும்பு ஒன்றைத் தவிர இங்கே அனைவரும் நலம். நீங்களும் அத்தையும் எல்லா எலும்புகளோடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால்கூட டார்ச்சை அணைத்துவிடுகிறேன். நீங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்பவர், விபத்து என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகையால் இந்த ஒரு தடவைக்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதமாட்டேன்.

அப்பா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். கட்டுப் பிரிப்பதற்குள் அம்மா வண்டியை விற்றுவிட்டதும் தெரியும். அதன்பிறகு அவர் இருந்த இருப்புதான் தெரியாது. வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர் மெஷினைச் சரி செய்துவிட்டு வரவேண்டியதுதானே? இவர் துணி பிழியும் கட்டம் வரும்வரை அங்கேயே குந்தியிருந்து, உள்ளே சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவாராம். ஒரு வாடிக்கையாளர் அம்மாவுக்கே போன் செய்து, "உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது கவலையா?" என்று விசாரித்தார். இப்படி இருந்தவர் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்து என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய மெஷின்களுக்கு நடுவே, போர்வை போர்த்தி, கட்டில் சட்டத்துக்கு நாலு குட்டிச் சக்கரம் மாட்டியது மாதிரி ஒன்று நின்றது. அதுதான் கார்ட், மாமா. பந்தயத்துக்கென்றே உள்ள குட்டி வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, இருக்கை ஒன்றே ஒன்று.

"மோட்டார் பந்தயத்துலயே கையைக் கடிக்காதது இது ஒண்ணுதான் பாப்பா. பைக்குக்கு ஒரு டயர் மாத்துற காசுல இதுல ஒரு சீசன் ஓட்டலாம். விழவும் முடியாது. தரையிலேர்ந்து நாலு விரல் உசரம். இதுலேர்ந்து விழணும்னா முதல்ல மேல ஏறணும்" என்றார். அம்மாவிடம் சொல்லியாச்சா என்று கேட்டேன். "சொல்லுவோம், சொல்லுவோம். நல்லதா ஒரு நாள் பாத்துச் சொல்லுவோம்" என்றார். அந்த நல்ல நாள் இன்னும் வரவில்லை.

அவர் சொன்னது உண்மைதான், அவர் விழவில்லை. நேராகப் போய் முட்டினார். காரணம் என்னவென்றால், மோட்டார் சைக்கிளில் வலது கால்தான் பிரேக். கார்ட்டில் வலது கால் வேகம், இடது கால் பிரேக். அப்பாவின் வலது காலோ இத்தனை வருடமாக ஒரே வேலையைச் செய்து பழகியது, அதனிடம் யார் போய்ச் சொல்வது? வளைவு வந்ததும் அவர் பயந்துபோய் வலது காலை அழுத்த, வண்டி பாய, மேலும் பயந்து மேலும் அழுத்த, ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் கழுத்துவரை போய் நின்றார். பந்தயத்தடத்தைப் பார்த்துக்கொள்பவர் எதற்கெடுத்தாலும் விசில் அடிப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் விசில் அண்ணன். அவர் ஓடிவந்து, "பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு சார், தெரியுமா?" என்றார். "அதைத்தானே மிதிச்சேன்!" என்று அப்பா டயருக்குள்ளிருந்து சொன்னார். காலைச் சரி செய்ததும் உடம்பு ஆரம்பித்தது. பைக்கில் வளைவுக்குள் சாய்வது மாதிரி இதிலும் சாய்ந்தார். கார்ட் திரும்ப வேண்டுமென்றால் உட்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்ப வேண்டுமாம், அப்பா சரியாக அந்தச் சக்கரத்தின் மேலேயே தன் பாரத்தையெல்லாம் இறக்கினால் அது எங்கே எழும்பும்? மறுபடியும் அதே டயர்கள். இருக்கையின் விளிம்பு இடித்ததில் விலா எலும்பு போனது அப்போதுதான். மெஷினைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இனிமேல்தான் மாமா என் தப்பு வருகிறது. விலாவைப் பிடித்துக்கொண்டு அப்பா புல்லில் உட்கார்ந்துவிட்டார். வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. "நீ ஏறி மெதுவா ஓட்டிட்டு வா பாப்பா, நடக்குற வேகம் போதும்" என்றார். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியாதா? லிப்டில் தனியாகப் போகமாட்டேன், வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன். சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் ஏறினேன். முதல் வளைவில் பழக்கமே இல்லாததால் எந்தக் காலும் தப்பு செய்யவில்லை. சாயத் தெரியாததால் சாயவில்லை. வண்டி சொன்னபடி திரும்பியது. கொட்டகை வந்தது, நான் நிறுத்தவில்லை மாமா. இன்னொரு சுற்று போனேன். பிறகு இன்னொன்று. பயமும் கூடவேதான் ஏறப் பார்த்தது, ஆனால் அந்த வண்டியில் இரண்டாவது ஆளுக்கு இடம் இல்லை. விசில் அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"யாரும்மா உனக்குக் கத்துக்கொடுத்தது?"

"யாரும் இல்லண்ணா."

"அதான் நல்லா ஓட்டுற" என்று சொல்லி அப்பாவைப் பார்த்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மணி நேரப் பந்தயம். ஒரு வண்டிக்கு இரண்டு பேர், பாதியில் ஆள் மாற வேண்டும். அப்பாவும் நானும் ஒரு அணி. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒன்று நன்றாக வருகிறது மாமா, அதை அம்மா நிறுத்திவிடுவாளோ என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அழுத்த அவள் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு அல்லவா, அந்தப் பழக்கத்தில் வீட்டில் யாராவது வேகமாக நடந்தால்கூட அவள் கால் தரையை அழுத்தும். நேற்று என் தலையை மோந்து பார்த்து, "என்னடி பெட்ரோல் வாசனை?" என்றாள். "புது ஷாம்பு" என்றார் அப்பா. "எந்தக் கடையில வாங்குனீங்க, பெட்ரோல் பங்குலயா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் உடனே போய் மறுபடியும் தலைக்குக் குளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து அம்மாவை எங்கேயாவது வெளியே கூட்டிப்போய்விட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத அது சரியில்லை என்று தோன்றுகிறது. அவளை ஏமாற்றிவிட்டு ஓட்டினால் அந்தப் பயத்துக்கு மட்டும் வண்டியில் இடம் கிடைத்துவிடும். அதனால் நீங்கள் சனிக்கிழமையே வந்து அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். வண்டியை விற்காமல் இருந்தால் போதும், வேறு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவுக்கும் சேர்த்து.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், விஷயத்தைச் சொல்லாதீர்கள். அவர் உடனே அம்மாவுக்குப் போன் செய்வார்.

பயத்துடனும் பாசத்துடனும்
தங்கள் மருமகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம். அத்தைக்குச் சொல்லலாம். போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்து அம்மா வந்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடிதம் முழுவதையும் படித்தாள், டயர்கள் வரும் இடத்தைத் திரும்பவும் படித்தாள். "விலா எலும்பா! மெஷின் தூக்கினேன்னு சொன்னாரே அந்த மனுஷன்" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "அவரு பைக்குலேர்ந்து விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துதான் எனக்குத் தெரிஞ்சுது. இனிமே வீட்ல உக்காந்துகிட்டு போனையே பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது. எதுவா இருந்தாலும் என் கண்ணு முன்னால நடக்கட்டும்" என்றாள். அப்படியென்றால் நான் ஓட்டலாமா என்று கேட்டேன். "நீ ஓட்டு. அவரு ஓட்ட வேணாம். ரெண்டாவது ஆளு நான்" என்றாள்.

அப்பாவை எழுப்பிச் சொன்னதும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அது பந்தயம்மா, நீ இருபதுல போவ" என்றார். "போறேன். நீங்க டயருக்குள்ள நிக்கிற நேரத்தையும் கணக்குல எடுத்தா நான்தான் வேகம்" என்றாள் அம்மா. இப்போது இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து வளைவுகளைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்பா இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

கடிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டாள் அம்மா. ஆகவே மாமா, சமாதானம் பேச வரவேண்டாம், ஆனால் கட்டாயம் வாருங்கள். நாங்கள் இருவரும் ஓட்டும்போது வேலிக்கு இந்தப் பக்கம் அப்பாவைப் பிடித்து உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும்.