செஞ்சியார் கட்டிய கோட்டை

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்பதில் சரித்திரம் படித்தவர்களுக்குள் ஆயிரம் தகராறு இருக்கலாம். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் தகராறே கிடையாது. செஞ்சியார்தான் கட்டினார். சாந்தில் முட்டை உடைத்து ஊற்றியது முதல், ராணிக்கு எந்த ஜன்னலில் காற்று வரும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

அவருக்குச் செஞ்சி சொந்த ஊரும் இல்லை, மாமியார் ஊரும் இல்லை. நல்லூர்ப் பக்கத்து ஆள். நான் கணக்கு எழுதப் போன பொம்மைக் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பொம்மை வெந்து முடிந்ததும் சூளையைத் திறந்துவிட முடியாது. தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் வெளிக்காற்று பட்டு அத்தனை சரக்கும் விரிசல் விட்டுவிடும். அது ஆறுகிற வரைக்கும் எங்களுக்கு இரண்டே வேலை. ஒன்று டீ, இன்னொன்று செஞ்சியார்.

"மேல ஒரு கொளம் இருக்குது பாருங்க, கப்பலு வுடலாம். அதத் தாண்டுனா அரண்மனை. தரை பூரா பீங்கானு. வெறுங்கால்ல நடந்தா ஐஸு மேல நடக்கற மாதிரி இருக்கும். நம்ம சரக்கெல்லாம் அதுங்கிட்ட நிக்க முடியாது" என்பார்.

எவனோ ஒருத்தன் செல்போனில் தேடிப்பார்த்து, "என்னா அண்ணே, யூட்யூப்ல கொளத்தையே காணோம்?" என்று கேட்டான். "அவன் வடக்கால நின்னு எடுத்திருப்பான். கொளம் தெக்கால இருக்குது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டீக்குக் கைகாட்டினார். அத்தோடு விசாரணை முடிந்தது.

கார்த்திகை விளக்கு ஆர்டர் முடிந்த கையோடு முதலாளி ஒரு வேன் பிடித்துக் கொடுப்பார். வருஷா வருஷம் பாண்டிச்சேரி பீச்சுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருவோம். அந்த வருஷம் மல்லிகா வாயைத் திறந்தார். பொம்மைக்குக் கண் வரைகிறவர். அவர் கையில் பிரஷ் இருக்கும்போது முதலாளிகூடச் சத்தமாகத் தும்ம மாட்டார்.

"கடலு எங்க போயிடப் போவுது? அண்ணன் சொல்ற பீங்கான் தரையப் பாத்துட்டு வரலாம். அவரே கூட வந்து காட்டட்டும்."

எல்லாரும் கை தூக்கினோம். செஞ்சியார் முகம் வேகாத சரக்கு மாதிரி வெளுத்துவிட்டது. வெயில் என்றார். குரங்கு என்றார். "பொம்பளைங்கள மேல ஏற வுடுவாங்களான்னு தெரியலையே" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "ராணி பறந்தா போனாங்க?" என்று மல்லிகா ஒரே போடாகப் போட்டார்.

புறப்படும் அன்று காலை செஞ்சியாரின் மனைவி வேதவல்லி புளிசாதத் தூக்கோடு வேனில் ஏற வந்தார். ஏறுவதற்கு முன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். இவரு மேல போனதே இல்லீங்க. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப பாதியிலயே தலை சுத்தி உக்காந்துட்டாரு. எறங்கி வந்த பசங்க அளந்து வுட்டதத்தான் இத்தினி வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காரு. இன்னிக்கு எல்லாரும் சிரிச்சா மனுசன் வேலைக்கே வர மாட்டாரு சார். எப்டியாச்சும் பாதியில திருப்பிடுங்க."

எனக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது. செஞ்சியார் என்பதுதான் அந்த ஆளுக்கு இருந்த ஒரே பட்டம். அதையும் பிடுங்கிவிட்டால் வெறும் சூளைக்காரர்தானே மிஞ்சுவார்?

ராஜகிரி மலையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபோது, பாதியில் திருப்புவது ரொம்பச் சுலபம் என்று தோன்றியது. யாரோ பாறைகளை லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போய்விட்டதைப் போல இருந்தது. நாலு படிக்கட்டுத் திருப்பம் ஏறியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "என்னால முடியலப்பா, எல்லாரும் திரும்பிடலாம்" என்று முனகினேன். "பாவம், நீங்க இங்கயே குந்துங்க சார்" என்று சொல்லி, அத்தனை பைகளையும் என் மடியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார்கள். பைகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. ஊருக்கு உபகாரம் செய்யப்போனால் இப்படித்தான் ஆகும்.

செஞ்சியார் அதற்குள் ஒருவழியாகத் தேறியிருந்தார். கண்ணில் பட்ட இடிபாட்டையெல்லாம் சூளையாக்கினார். நெற்களஞ்சியம் ஒரு சூளை, காவல் கூண்டு ஒரு சூளை, பாதிச் சுவர் விழுந்த ஏதோ ஒன்று "அவசரப்பட்டுத் தெறந்த சூளை". பக்கத்தில் போய்க்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் அதை அப்படியே வீடியோ எடுத்துக்கொண்டார்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவில் ஒரு பாலம். எட்டிப் பார்த்தால் கீழே பாதாளம். செஞ்சியார் பாலத்தின் முனையில் நின்றார். சுவரைப் பிடித்த கை வெளுத்துப் போயிருந்தது. இதோ, இங்கேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேட்டுக்கிங்க. இந்தப் பாலத்துல கண்ண மூடிக்கிட்டுத்தான் போவணும். ராசா காலத்து வழக்கம். முன்னாடி போறவங்க தோளப் புடிச்சிக்கிட்டுப் போவாங்க."

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மல்லிகா முன்னால் போய் நின்று, "நான் முன்னாடி போறேன், என் தோளப் புடிச்சிக்கிங்க அண்ணே" என்றார். அவர் தோளைச் செஞ்சியார் பிடிக்க, செஞ்சியார் தோளை வேதவல்லி பிடிக்க, ரயில் மாதிரி நகர்ந்தோம். எனக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினால், ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தது. அந்தப் பெரியவர் கடைசிவரை கண் திறக்கவில்லை.

உச்சிக்கு வந்துவிட்டோம். காற்று ஆளைத் தள்ளியது. கோயில் இருந்தது, மண்டபம் இருந்தது, சுற்றிலும் பாறையும் முட்செடியும் இருந்தன. கப்பல் விடுகிற குளம் இல்லை. தரையெல்லாம் கருங்கல். செஞ்சியார் ஒரு மூலையில் நின்று, துண்டை மடித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மல்லிகா குனிந்து புதரோரத்தில் எதையோ எடுத்தார். வெள்ளையாக ஒரு துண்டு. எப்போதோ லைட் போட வந்தவர்கள் விட்டுப்போன பீங்கான் பியூஸ் கட்டையின் உடைசல். திருகு போடுகிற ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. எங்கள் பேட்டையில் தவழ்கிற குழந்தைகூட அதைத் தூரத்திலிருந்தே பார்த்து இன்னதென்று சொல்லிவிடும்.

மல்லிகா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "தரையப் பேத்துக்கிட்டுப் போனவன் இத வுட்டுட்டுப் போயிட்டான் போல. என்னா பளபளப்பு."

அந்தத் துண்டு கைமாறியது. அச்சு ஊற்றுகிற சேகர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இந்த மாரி மெருகு இப்ப வராதுங்க" என்றார். பாக்கிங் பார்க்கும் ஸ்டெல்லா, "கொளமும் தூந்து போயிருக்குது பாருங்க, தெக்கால" என்று ஒரு முட்புதரைக் காட்டினார். நானும் வாங்கிப் பார்த்து, ராணி நடந்த தரையாக இருக்கும் என்றேன். கடைசியில் அது செஞ்சியார் கைக்குப் போனது. அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "சாப்புடலாமா? புளிசாதம் காஞ்சி போயிடும்" என்றார்.

இறங்கும்போது மல்லிகாவிடம் மெல்ல, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அண்ணி என்கிட்ட மட்டும் சொன்னாங்க சார். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சேகரிடம் கேட்டேன். வேதவல்லி அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். வேன் டிரைவரிடமும் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். வேதவல்லி எங்களுக்கு முன்னால், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் போலப் படியிறங்கிக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண் ஈரமாக இருந்தது.

செஞ்சியார் இன்னும் அதே கம்பெனியில் சூளை பார்க்கிறார். இந்தப் பத்திரிகை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு கடையிலும் தொங்கும். அவர் பேப்பர், புத்தகம் எதுவும் தொடுகிற ஆள் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கோட்டை எப்படி இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். குளம் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள், அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.