கண்ணாடிக் கதவு வரைக்கும்

விமானம் ஓட்டுகிறவர்கள் ஓர் இனம். விமானத்தில் ஏறிப் போகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டு இனத்தையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தக்கூடிய மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் வழியனுப்பப் போகிற இனம். விமானத்தின் படிக்கட்டைக்கூட மிதித்திருக்காது. ஆனால் லண்டனில் இறங்கியதும் இடது பக்கம் திரும்ப வேண்டுமா, வலது பக்கமா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். கண்ணைத் திறந்தால்தான் அதற்குத் தெரியாது.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மலேசியாவில், மலாக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற பாயா ரும்புட்டுக்கு வர வேண்டும். தமான் என்கிற குடியிருப்பின் கடைசி வரிசையில் வெள்ளை வேன் நிற்கிற வீடு. வேனுக்குப் பக்கத்தில் கைலியும் பனியனுமாக நிற்கிறவர்தான் மணியம். வார நாளெல்லாம் பத்து பெரண்டாம் என்கிற ஊரின் ஃபேக்டரிகளுக்குப் பெண்களை ஏற்றி இறக்குவது அவருக்குப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் தொழில். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய குடும்பங்களில் எந்தப் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பினாலும், அந்தப் பிள்ளையையும், பெற்றவர்களையும், சித்தப்பா பெரியப்பாக்களையும், மாலையையும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களையும், வழியில் வாந்தி எடுப்பதற்கென்றே வருகிற ஓர் அத்தையையும் சுபாங் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போவது அவர் வேன்தான். அங்கே பயணிகள் மட்டும் நுழைகிற கண்ணாடிக் கதவு வரைக்கும் போவார். மூக்கு அழுந்த உள்ளே பார்ப்பார். திரும்பி வருவார். கதவு வரைக்கும் அவருக்கு இருப்பது அனுபவம். கதவுக்கு அப்பால் இருப்பது ஞானம்.

இதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நாற்காலி. ஃபேக்டரி கேட்டில் மீசை முளைக்காத பொடியன்கூட அவரை "ஓய், டிரைவர்!" என்று கூப்பிடுகிறான். ஆனால் பிள்ளை வெளிநாடு போகிற வீட்டில், விசிறிக்கு நேர் கீழே போட்ட நாற்காலியில், அவர் மணியம் அண்ணன். முதல் தேநீர் அவருக்கு. கடைசி வார்த்தையும் அவருக்கு. மனிதன் ஒரு நாற்காலிக்காக என்னென்னவோ செய்கிறான். மணியம் வாயாலேயே லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தைக் கட்டினார், அவ்வளவுதான்.

கவிநேசன் இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் படிக்கப் போனபோது இப்படித்தான் வந்து உட்கார்ந்தார்.

"பெட்டியத் தொறங்க," என்றார், கவிநேசனின் அம்மா இந்திராதேவியிடம். "கறித்தூளு எங்க?"

"மேலதாண்ணே வச்சிருக்கேன்."

"மேலயா? நல்லா இருக்கு போங்க! தொறந்ததும் வெள்ளக்காரன் கண்ணுல அதானேலா படும்? பேப்பர்ல சுத்தி, தம்பியோட ஜட்டிக்குள்ள வச்சு அடியில திணிங்க. வெள்ளக்காரன் சுத்தக்காரன். அடுத்தவன் ஜட்டியத் தொட மாட்டான்."

இந்திராதேவி திணித்தார். பெட்டியை மூடியதும் மணியம் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டு, காலை வைத்து இறுக்கினார். அவர் கட்டிய கட்டு அவிழாது. அவிழ்க்க வேண்டியவனாலும் அவிழ்க்க முடியாது. கடைசியாகப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இமிகிரேசன்ல மட்டும் சிரிச்சிடாத. சிரிச்சா, இவன் எதையோ மறைக்கிறான்னு நெனைப்பான். மூஞ்சிய கல்லு மாதிரி வச்சுக்க."

கவிநேசன் அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கிவிட்டான். வழியனுப்பிய படங்களில் மாலைக்கு மேலே கல் மாதிரி ஒரு முகம் இருக்கும். அது அவன்தான்.

இந்த இனத்துக்கு இயற்கை ஒரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. போனவர்கள் சட்டென்று திரும்பி வருவதில்லை. படிப்பை முடித்து வருகிறவர்கள் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ராஃபியா கயிறெல்லாம் மறந்துவிடுகிறது. கவிநேசன்தான் அந்த ஒழுங்கைக் கெடுத்தான். இரண்டு வருடம் கழித்து, படிப்பு பாதியில் இருக்கும்போது, லீவுக்கு வருகிறேன் என்று போன் பண்ணினான்.

மணியத்துக்கு அன்றிலிருந்து காலைப் பசியாறல் இறங்கவில்லை. வருகிறவன் கதவுக்கு அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தவன். அதுவும் எந்த நேரத்தில் வருகிறான்! அடுத்த வரிசைத் தாரணி லண்டனுக்குத் தாதிமைப் படிப்புக்குப் போகிற அதே வாரத்தில். அவள் பெட்டிக்கு மணியம் ஏற்கெனவே கயிறு வாங்கி வைத்துவிட்டார்.

அழைத்து வரவும் அவர் வேன்தான். சுபாங்கில் கவிநேசன் வெளியே வந்தான். அம்மா அழுதார், அத்தை வாந்தி எடுத்தார். மணியம் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார். எத்தனையோ பெட்டி தூக்கிய கை அது. தூக்கிய வேகத்தில் பெட்டி தோளுக்கு மேலே போய்விட்டது. காலிப் பெட்டி! உள்ளே நாலு துணி இருந்தால் அதிகம். லண்டனிலிருந்து வருகிற பிள்ளை, ஊரே சாக்லெட்டுக்குக் காத்திருக்கிறது, பெட்டி காற்றாடி மாதிரி பறக்கிறது.

கவிநேசன் மணியத்தைப் பார்த்தான். மணியம் கவிநேசனைப் பார்த்தார்.

"அப்பப்பா! என்னா கனம்லா!" என்றார் மணியம், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. முதுகை வேறு வளைத்துக்கொண்டார்.

கருணையா? இருக்கலாம். முன்பணம் என்றும் சொல்லலாம்.

அன்றைக்குச் சாயந்திரமே தமானில் பாதிப் பேர் இந்திராதேவி வீட்டில் கூடிவிட்டார்கள். தாரணியும் அவள் அம்மாவும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கவிநேசன், லீவுக்கு வருகிற மாணவன் செய்ய வேண்டிய கடமைகளை எல்லாம் வரிசையாகச் செய்தான். விசிறியை வேகமாக வைக்கச் சொன்னான். டீயில் பால் வேண்டாம் என்றான். சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்து, "அம்மா, ரொம்பக் காரம்," என்று கண்ணில் தண்ணீர் விட்டான். அங்கே பேருந்து நிமிடம் தவறாமல் வரும் என்றான்; நம் ஊரில் ஏன் இப்படி என்று வருத்தப்பட்டான்.

அப்போதுதான் இருளாண்டி வாயைத் திறந்தார். இருளாண்டி சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறவர். அங்கே நிஜமான வெள்ளைக்காரர்களைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறவர். மணியத்தின் நாற்காலி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"ஏன் தம்பி, நீதான் நேர்ல பாத்தவன். இந்த மணியம் அள்ளி விட்டாரே, சிரிக்காத, ஜட்டிக்குள்ள வையின்னு. அதெல்லாம் உண்மைதானா?"

மணியம் காலி டம்ளரை எடுத்து உறிஞ்சினார். தாரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா சொன்னது அப்படியே சரி," என்றான் கவிநேசன், கல் மாதிரி முகத்துடன். "மாமா இல்லாட்டி நான் லண்டனத் தாண்டியிருக்க மாட்டேன்."

இருளாண்டி வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். மணியத்துக்கு இரண்டாவது தேநீர் வந்தது.

மறுநாள் காலையில் கவிநேசன் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "பெட்டி நாளைக்குத் தொறக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன் மாமா. டவுன் வரைக்கும் போகலாமா?"

மலாக்கா டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இறங்கி, இங்கிலீஷ் சாக்லெட்டாகப் பார்த்துக் கூடை நிறைய வாங்கினான். திரும்பும்போது பின்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் உரித்தான். மணியம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"ஏன் தம்பி, அங்கேயே வாங்கியிருக்கலாமேலா?"

"எங்க மாமா? பரீட்ச முடிஞ்ச மறுநாளே பிளேன். கட அஞ்சரைக்கெல்லாம் சாத்திடுறான். நம்ம ராத்திரிச் சந்த மாதிரி பாசார் மாலாமா இருக்கு அங்க?" இன்னொரு சீட்டை உரித்தான். "நாங்க ஆறு பேரு, எல்லாம் நம்ம ஊரு பையனுங்க, ஒரே வீடு. தெனமும் சோறும் டின்னு மீனும். இங்கிலீஷ்ல பேசுறதுன்னா பஸ் டிரைவர்கிட்ட மட்டும்தான். அந்த பஸ்ஸும் நேரத்துக்கு வராது."

"நேத்து காரம் தாங்கலன்னியே?"

"அது... லீவுக்கு வந்தவன் வேற என்ன சொல்றது மாமா?"

மணியம் வேனின் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் சொன்னதெல்லாம்... சரியாத்தான் இருந்துச்சா?"

கவிநேசனுக்கு அடக்க முடியவில்லை. "மாமா, அந்த ஆபீசரு 'குட் மார்னிங்'னு சிரிச்சாரு. நான் மொறச்சேன். தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க கயித்த அறுக்க ரெண்டு கத்திரிக்கோலு. அப்புறம் ஜட்டிய ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வச்சாங்க. ஒண்ணு மட்டும் கனமா இருந்துச்சு. மோந்து பாத்தாரு."

"அப்புறம்?"

"தும்மினாரு. இன்னும் தும்மிக்கிட்டு இருப்பாரு."

வேன் குலுங்கியது சாலையினால் அல்ல. ஆனால் சிரித்து முடித்ததும் மணியத்தின் முகம் இருண்டது. ஞாயிற்றுக்கிழமை தாரணி போகிறாள். உள்ளதைச் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் பெண் பிள்ளை தனி ரூமில் உட்கார வேண்டும்.

சனிக்கிழமை சாயந்திரம் தாரணி வீட்டில் விசிறிக்குக் கீழே நாற்காலி தயாராக இருந்தது. பெட்டி திறந்திருந்தது. தாரணியின் அம்மா கறித்தூளைப் பேப்பரில் சுற்றி, மகளின் உள்துணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க," என்றார் மணியம். எல்லாரும் திரும்பினார்கள். அவர் கவிநேசனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"கறித்தூள மேலயே வையிங்க. கேட்டா, கறித்தூளுன்னு சொல்லலாம். கயிறு வேணாம். தாரணி, ஆபீசரு சிரிச்சா நீயும் சிரி."

"நீங்கதானேய்யா சிரிக்கக் கூடாதுன்னீங்க?" என்றார் இருளாண்டி.

"அது பழைய ரூலு. இப்ப மாத்திட்டான்."

"எப்ப மாத்துனான்?"

"இந்த வாரந்தான். உங்க ரிஃபைனரியில இன்னும் சொல்லலயா?"

கவிநேசன், கல் மாதிரி முகத்துடன், ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் சுபாங்கில் தாரணி சிரித்துக்கொண்டே கண்ணாடிக் கதவுக்குள் போனாள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோதும் சிரித்தாள். மணியம் மூக்கு அழுந்த நின்று பார்த்தார். திரும்பும் வழியில், அங்கே இப்போது ரூல்கள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று வேனில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்ற நிம்மதியோடு இவ்வளவு தூரம் படித்து வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று. ராஃபியா கயிறு வந்த இடத்தில், "சேச்சே, கயிறு கூடாது, பெட்டிக்கு பெல்ட்தான் சரி," என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதல்லவா? கறித்தூளை எங்கே வைப்பது என்றும் ஒரு யோசனை தோன்றியதல்லவா?

வாருங்கள். மணியம் அண்ணன் எழுந்து இடம் தர மாட்டார். விசிறிக்குக் கீழே இன்னொரு நாற்காலி போடச் சொல்லலாம்.